இன்ஸ்ட்ரக்டருக்கு யார் சொல்லிக்கொடுப்பது? (சித்தூர் தாலூகா ஐடிஐ, யோசனை வேண்டும்)

வேலந்தாவளம்காரன் | மார்ச் 11, இரவு 9:42

வணக்கமுங்க. சித்தூர் தாலூகாவுல ஒரு தனியார் ஐடிஐயில எலக்ட்ரீஷியன் டிரேடு இன்ஸ்ட்ரக்டரா இருக்கேன். இது மூணாவது வருஷம். டிப்ளமா முடிச்சுட்டு கோயமுத்தூர்ல ஒரு பம்பு கம்பெனி டெஸ்டிங்குல நாலு வருஷம் நின்னவன்.

போன வாரம் எங்க பிரின்சிபல் கூப்பிட்டு, "ஸ்டாஃப் டிரெய்னிங்குக்கு இந்த வருஷம் கொஞ்சம் காசு ஒதுக்கியிருக்கு, ஆறு பேருக்கும் சேர்த்து ஒரு திட்டம் எழுதிக் குடு"ன்னுட்டார். ரெண்டு வாரம் டைம். எனக்கு என்ன எழுதறதுன்னே தெரியலை.

போன வருஷம் நடந்ததைச் சொல்லிடறேன். ஒரு ஓட்டல் ஹால். காலையில ஒருத்தர் வந்து ஆளுக்கொரு பலூன் குடுத்து ஊதச் சொன்னார், டீம் ஒர்க்காம். அப்புறம் அறுபது எழுபது ஸ்லைடு. மத்தியானம் பிரியாணி, அதைக் குறை சொன்னா நாக்கு அழுகிடும். சாயங்காலம் சர்டிபிகேட், குரூப் போட்டோ. மறுநாள் பட்டறைக்கு வந்தா அதே பேனல் போர்டு, அதே ஒட்டிப்போன காண்டாக்டர், அதே 20 பசங்க.

எங்க பசங்களுக்கு வீட்டுல தமிழ். பள்ளிக்கூடத்துல பாதிப் பேர் தமிழ் மீடியம், பாதிப் பேர் மலையாளம். கையில இருக்கற புஸ்தகம் இங்கிலீஷ். முடிச்சுட்டுப் பாதிப் பேர் கஞ்சிக்கோடு போறாங்க, மீதி கெணத்துக்கடவு, பொள்ளாச்சி, கோயமுத்தூர்.

கேள்வி இதுதானுங்க: நீங்க பாடம் நடத்தற விதமே மாறிப்போச்சுங்கற மாதிரி ஒரு டிரெய்னிங் உங்களுக்குக் கிடைச்சிருக்கா? கிடைச்சிருந்தா அது என்ன?

---

பழைய பிட்டர் | மார்ச் 11, இரவு 10:30

தம்பி, 31 வருடம் பிட்டர் டிரேடு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். முதலில் ஒரு கணக்கு. உங்கள் ஆறு பேரில் சிஐடிஎஸ், அதாவது இன்ஸ்ட்ரக்டர்களுக்கான பயிற்சி, முடித்தவர்கள் எத்தனை பேர்? கிண்டியில் என்எஸ்டிஐ என்ற மத்திய அரசுப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. டிரேடும் சொல்லித் தருவார்கள், சொல்லிக்கொடுக்கும் முறையையும் சொல்லித் தருவார்கள். அது ஒரு வருடப் படிப்பு. முடிக்காதவர் இருந்தால் அவரை வரிசை போட்டு அனுப்புவதுதான் திட்டத்தின் முதல் வரி. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இரண்டாவது. பாடத்திட்டப் புத்தகத்தில் ஒரு வரி அச்சடித்திருக்கும், யாரும் படிப்பதில்லை. ஒரு யூனிட்டுக்கு இரண்டு இன்ஸ்ட்ரக்டர் என்றால் ஒருவர் டிகிரி அல்லது டிப்ளமா, இன்னொருவர் என்டிசி (ஐடிஐ சான்று) அல்லது என்ஏசி (அப்ரண்டிஸ் சான்று). இருவருக்குமே இன்ஸ்ட்ரக்டர் சான்று வேண்டும். எல்லோரும் இதை ஆள் எடுக்கும் விதி என்று நினைக்கிறார்கள். எனக்கு அது பயிற்சித் திட்டமாகத்தான் தெரிந்தது. டிப்ளமாக்காரருக்குக் கை வராது, ஐடிஐக்காரருக்கு வாய் வராது. இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் நிறுத்தினால் ஆளுக்கு ஆள் வாத்தியார். நான் அரம் பிடித்து பைலிங் போடக் கற்றது என் ஜோடி இன்ஸ்ட்ரக்டரிடம். அவர் டிராயிங் படிக்கக் கற்றது என்னிடம். அதற்கு யாரும் சர்டிபிகேட் கொடுக்கவில்லை.

மூன்றாவது, இப்போது நாம் எழுதும் டெமான்ஸ்ட்ரேஷன் பிளான். முதல் உலகப் போர் சமயத்தில் அமெரிக்கக் கப்பல் கட்டும் தளங்களுக்கு அவசரமாக ஆள் தயார் செய்ய வேண்டியிருந்தது. அப்போது சார்லஸ் ஆலன் என்பவர் நாலு படி வகுத்தார்: தயார்படுத்து, செய்து காட்டு, செய்ய விடு, சோதித்துப் பார். நூறு வருடம் ஆகியும் நம் நோட்டில் அதே நாலு தலைப்புதான். நோட்டில் நாலும் இருக்கும், பட்டறையில் இரண்டாவதோடு நின்றுவிடும்.

---

லேத் பட்டறை | மார்ச் 12, காலை 6:15

கஞ்சிக்கோட்டுப் பக்கம் சின்னதா ஒரு ஜாப் ஒர்க் பட்டறை வெச்சிருக்கேனுங்க. மூணு லேத்து, ஒரு மில்லிங், ஒரு பழைய சிஎன்சி. அப்பா காலத்துல கடைசல் பட்டறைன்னு சொல்வாங்க.

மனசுல பட்டதச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. போன வருஷம் ஒரு பையன் வந்தான். வெர்னியர் லீஸ்ட் கவுண்ட் என்னன்னேன், டக்குனு 0.02 மில்லின்னான். சந்தோசம். ஜாபைச் சக்குல, அதான் லேத்துல ஜாபைக் கவ்விப் புடிக்கற பாகத்துல, புடிடான்னேன். புடிச்சு முறுக்கிட்டு, சக் சாவியை அப்படியே விட்டுட்டு ஸ்விட்சுக்குக் கை நீட்டறான். நான் கத்தலைன்னா அந்தச் சாவி பறந்து யாரு மூஞ்சியிலயோ அடிச்சிருக்கும். அது அவன் தப்பில்லீங்க. அவன் படிச்ச எடத்துல லேத்து ஓடி எத்தன வருசமோ. நடத்துனவரு லேத்து ஓட்டி எத்தன வருசமோ.

ஓட்டல் ஹாலுக்குக் குடுக்கற காசை எனக்குக் குடுக்க வேண்டாம். ஆளை மட்டும் அனுப்புங்க. பத்து நாள். ஆனா கெஸ்ட்டா வரக்கூடாது. சேர் போட்டு டீ வாங்கிக் குடுக்க எனக்கு நேரமில்ல.

---

மீனாட்சிபுரம் டீச்சர் | மார்ச் 12, மதியம் 1:05

நான் விஎச்எஸ்இ பக்கம், கேரளாவின் தொழிற்கல்வி மேல்நிலைப் பள்ளி. விவசாயம். எங்கள் கதை கொஞ்சம் வேறு.

1983-84ல் தொடங்கிய விஎச்எஸ்இ, 2020-21ல் 389 பள்ளிகளிலும் என்எஸ்கியூஎஃப் என்ற தேசியத் திறன் தகுதி முறைக்குப் போய்விட்டது. பாடம் என்பது போய் வேலைப் பெயர் வந்தது. சோலார் எல்இடி டெக்னீஷியன், டெய்ரி ஃபார்மர், ஆர்கானிக் குரோவர், இப்படி. 'பயிர் பாதுகாப்பு' என்று 15 வருடம் நடத்திய ஒருவர் ஒரு ஜூன் மாதத்தில் கண் விழித்துப் பார்த்தால் வேறு ஏதோ நடத்தச் சொல்கிறார்கள். இந்த மாதிரி நேரத்தில் வரும் பயிற்சி எப்போதும் அடுக்கு முறைதான். மேலே நாலு பேருக்குச் சொல்வார்கள், அவர்கள் நாற்பது பேருக்கு, அவர்கள் நானூறு பேருக்கு. சுண்டக் காய்ச்சிய பால் கடைசி டம்ளருக்கு வரும்போது கழுவின தண்ணீர்.

கேட்ட கேள்விக்கு வருகிறேன். என்னை மாற்றியது ஒரு பூச்சி.

2016ல் பொள்ளாச்சி, பாலக்காடு பக்கம் தென்னையில் சுருள் வெள்ளை ஈ வந்தது நினைவிருக்கும். ருகோஸ் என்பார்கள். இந்தியாவிலேயே முதலில் தெரிய வந்தது நம் பகுதியில்தான். மட்டைக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகச் சுருள், மேலே விழும் தேன் மாதிரித் திரவத்தில் கரும்பூசணம். பிள்ளைகள் மட்டையை ஒடித்துக்கொண்டு வந்து, "டீச்சர் இது என்ன?" என்று மேஜையில் போட்டார்கள். புத்தகத்தில் கிடையாது. எனக்கும் தெரியாது. "மருந்து அடிக்க வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டேன்.

தப்பு. வடகரப்பதியில் ஒரு தோப்புக்காரர் அடிக்கவில்லை. அவர் தோப்பில்தான் சீக்கிரம் குறைந்தது. என்கார்சியா என்று ஒரு துளி அளவுக் குளவி அந்த ஈயின் குஞ்சுக்குள் முட்டை வைத்து அழிக்கும்; மருந்து அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவி. இதை நான் தெரிந்துகொண்டது அவர் தோப்பில், சனிக்கிழமைகளில், பிள்ளைகளோடு பிள்ளையாக லென்ஸ் பிடித்துக்கொண்டு. அதற்குப் பிறகு தெரியாததைத் 'தெரியாது, போய்ப் பார்ப்போம்' என்று வகுப்பில் சொல்ல எனக்குக் கூச்சமில்லாமல் போயிற்று. நான் பெற்ற ஒரே உருப்படியான பயிற்சி அது.

லேத் பட்டறை அண்ணா, ஒன்று கேட்கிறேன். பத்து நாள் ஆளை அனுப்பினால் அவர் வகுப்பை யார் எடுப்பார்கள்? இன்னொன்று, உங்கள் பட்டறைக்கு ஒரு பெண் இன்ஸ்ட்ரக்டர் வந்தால் கழிப்பறை இருக்கிறதா?

---

சத்தியவேடு ராஜா | மார்ச் 12, மாலை 4:50

சித்தூர்னு பார்த்து எங்க ஊர் இழைன்னு ஓடி வந்தேன், இது பாலக்காட்டுச் சித்தூரா! பரவாயில்ல, வந்தது வந்துட்டேன்.

ஆந்திரா எல்லையிலயும் இதே கூத்துதான். வீட்டுல தமிழ், ஸ்கூல்ல தெலுங்கு, கம்பெனியில சூப்பர்வைசர் இந்தி. ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டை வந்த பிறகு பசங்களுக்கு வேலை கிட்டக்கவே இருக்கு. நான் அங்க ஒரு கம்பெனியில லைன் லீடரா இருந்தேன். புதுசா வர்ற பசங்ககிட்ட நாங்க பார்த்தது மூணு விஷயம்: டைமுக்கு வர்றானா, டிராயிங் படிக்கிறானா, மெஷின்ல ஏதாவது சத்தம் மாறினா வாயைத் திறந்து சொல்றானா. மூணாவதுலதான் நெறைய பேரு அவுட். தப்பாப் பேசிடுவோமோன்னு பயம். இன்ஸ்ட்ரக்டர் எந்த பாஷையில திட்டினாரோ அந்த பாஷையில அவனுக்கு வாய் வராது.

---

வேலந்தாவளம்காரன் | மார்ச் 12, இரவு 9:10

டீச்சர், வெள்ளை ஈ கதை எங்க வீட்டுத் தோப்புலயும் நடந்ததுதான். எங்கப்பா மருந்து அடிச்சார். சொல்லாதீங்க.

பிட்டர் சார், ஆறு பேர்ல ரெண்டு பேர் சிஐடிஎஸ் முடிச்சவங்க. நான் இல்லை. வெக்கமாத்தான் இருக்கு.

---

கோபாலபுரம் டு டெக்சாஸ் | மார்ச் 13, காலை 7:35

நான் ஆசிரியர் இல்லை, ஐடி. ஆனால் என் மகன் படிக்கும் ஹைஸ்கூலில் வெல்டிங் ஷாப் இருக்கிறது, அதனால் இங்கே தொழிற்கல்விச் சட்டம் என்ன சொல்கிறது என்று ஒருமுறை உட்கார்ந்து படித்தேன். பெர்கின்ஸ் சட்டம் என்பார்கள். அந்தப் பெயரில் 1984ல் வந்தது, 2018ல் புதுப்பித்தார்கள். அதில் ஆசிரியர் பயிற்சி என்றால் என்ன என்று விளக்கம் எழுதும்போதே, தனியாக நடக்கும் ஒருநாள் பட்டறைகளும் குறுகிய காலப் பட்டறைகளும் இதில் சேராது என்கிற பொருளில் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறார்கள். தொடர்ந்து நடக்க வேண்டும், செய்கிற வேலையோடு ஒட்டியிருக்க வேண்டும், மற்ற ஆசிரியர்களோடு சேர்ந்து செய்ய வேண்டும், வகுப்பறையைக் குறிவைக்க வேண்டும்.

அதே சட்டத்தில் இன்னொன்று: பணம் வாங்கும் பள்ளி மாவட்டம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை உள்ளூர்த் தேவையைக் கணக்கெடுக்க வேண்டும். எந்தத் தொழிலுக்கு ஆள் வேண்டும், நம் கோர்ஸ் அதற்குப் பொருந்துகிறதா, ஆசிரியர்களுக்கு என்ன பயிற்சி போதவில்லை, எல்லாம். தம்பி திட்டம் எழுதுவதற்கு முன் இதைச் செய்யலாம். பத்துப் பட்டறைக்கு ஒரு பைக்கில் சுற்றினால் போதும்.

---

லேத் பட்டறை | மார்ச் 13, காலை 7:50

சட்டம் நல்லாத்தாங்க இருக்கு. வாளையாறு செக்போஸ்ட்டு தாண்டி வருங்களா?

---

கோபாலபுரம் டு டெக்சாஸ் | மார்ச் 13, காலை 8:02

வராது. ஆனால் "ஒருநாள் பட்டறையைப் பயிற்சி என்று சொல்லாதே" என்று பிரின்சிபலிடம் சொல்ல உங்களுக்கு ஒரு சாட்சி. இங்கேயும் சட்டத்தில் இருப்பதெல்லாம் நடக்கிறது என்று நான் சொல்லவில்லை.

---

பழைய பிட்டர் | மார்ச் 13, மாலை 6:20

லேத் பட்டறைத் தம்பிக்கு ஒரு மறுப்பு. பட்டறையில் பத்து நாள் நின்றால் இன்ஸ்ட்ரக்டர் ஆகிவிட முடியாது.

எனக்குத் தெரிந்த ஒரு வெல்டர். தலைக்கு மேலே வெல்டிங் போட்டால் கோடு போட்ட மாதிரி இருக்கும். அவரைப் பயிற்றுநராகக் கொண்டுவந்தோம். பையன்கள் "எப்படி சார்?" என்று கேட்டால், "பாரு" என்பார். மறுபடி கேட்டால், "நல்லாப் பாரு" என்பார். மூன்றாவது தடவை கேட்டவன் திட்டு வாங்குவான். அவர் மேல் தப்பில்லை. ஆர்க் நீளத்தை அவர் காதால் பிடிக்கிறார், சத்தம் எப்படி இருக்க வேண்டும் என்று அவரிடம் யாரும் கேட்டதே இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எழுதினேன். "நீளம் சரியா இருந்தா எண்ணெயில அப்பளம் பொரியற சத்தம். விட்டு விட்டு வெடிச்சா தூரம். சத்தம் அமுங்கினா ராடு ஒட்டப்போகுது." அந்த மூன்று வரி கைக்கு வந்த பிறகு அவரும் நல்ல வாத்தியார் ஆனார்.

ஜெர்மனியைச் சொல்கிறார்களே, அங்கே கம்பெனிக்குள் பயிற்சி கொடுக்கும் ஆளுக்கே சொல்லிக்கொடுக்கும் தகுதிக்கான பரீட்சை உண்டு. 1972ல் விதி போட்டார்கள். 2003ல் இது தொல்லை என்று நிறுத்தி வைத்தார்கள். 2009ல் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். தொழில் தெரிந்தவனுக்கே அது தேவைப்பட்டிருக்கிறது.

ஆகவே பட்டறையும் வேண்டும், அங்கே கற்றதைப் பிரித்து எழுதும் வேலையும் வேண்டும். ஒரு ஜாபை எடுத்து, எத்தனை படி, ஒவ்வொரு படியிலும் எந்த இடத்தில் கை தவறும், தவறினால் என்ன ஆகும், ஏன் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு பக்கத்தை எழுத முடியாதவர் பத்து நாள் வேடிக்கை பார்த்துவிட்டு வந்தார் என்று அர்த்தம்.

---

லேத் பட்டறை | மார்ச் 13, இரவு 8:40

சரிங்க சார், ஒத்துக்கறேன். எங்கப்பாவும் "பாரு" ரகந்தான். நானே மூணு விரல் நசுங்கித்தான் கத்துக்கிட்டேன்.

டீச்சர் கேட்டதுக்கு: லேடீஸுக்கு டாய்லெட் இல்லீங்க. நாலு வருசமாக் கட்டணும் கட்டணும்னு தள்ளிப் போகுது. கேட்டதும் ஒரு மாதிரி ஆயிடுச்சு.

---

மீனாட்சிபுரம் டீச்சர் | மார்ச் 13, இரவு 9:15

நேராகச் சொன்னதற்கு நன்றி. இது சின்ன விஷயம் இல்லை அண்ணா. எங்கள் பள்ளியில் பெண்பிள்ளைகள் எந்தக் கோர்ஸ் எடுப்பார்கள் என்பதையே இதுதான் பல நேரம் முடிவு செய்கிறது. தேவைக் கணக்கெடுக்கப் பைக்கில் சுற்றும்போது இதையும் ஒரு கேள்வியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வகுப்பை யார் எடுப்பார்கள் என்ற கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

---

பழைய பிட்டர் | மார்ச் 14, காலை 5:55

தூக்கம் வரவில்லை, பதில் வந்தது.

2022ல் மாற்றிய பாடத்திட்டத்தில் வருடத்துக்கு 1200 மணி நேரம், அதற்கு மேல் 150 மணி நேரம் ஓஜேடி, அதாவது வெளியே வேலையிடத்தில் பயிற்சி. 8 மணி நேரக் கணக்கில் கிட்டத்தட்ட 19 நாள். இந்த 19 நாள் பையன்கள் வெளியே. இன்ஸ்ட்ரக்டர் எங்கே இருக்கிறார்? ஸ்டாஃப் ரூமில் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். தம்பி, பொய் சொல்லாமல் சொல்லுங்கள்.

அதே நாளில் நீங்களும் போங்கள். வகுப்பு போகாது, மாற்று ஆள் வேண்டாம், பிரின்சிபலுக்குச் செலவு பெட்ரோல் மட்டும். பையன் அங்கே என்ன செய்கிறான், தேநீர் வாங்கிவர அனுப்புகிறார்களா, உண்மையில் கருவியைத் தொட விடுகிறார்களா என்பதும் தெரியும்.

---

வேலந்தாவளம்காரன் | மார்ச் 14, மதியம் 1:30

பொய் சொல்லலை சார். ஸ்டாஃப் ரூம்தான். போன தடவை நாலு பேரோட டைரியில ஒரே கையெழுத்து, ஒரே வாக்கியம். அப்பவே தெரிஞ்சுது, கேக்கலை.

எழுத ஆரம்பிச்சுட்டேன். யோசிச்சது இது. ஆறு பேர்ல ரெண்டு ரெண்டு பேரா ஜோடி, டிப்ளமா ஒருத்தர், ஐடிஐ ஒருத்தர். மே மாச ஓஜேடியில ஜோடியில ஒருத்தராவது பசங்களோட போய் நிக்கணும். திரும்பி வந்ததும் ஆளுக்கு ஒரு ஜாபை ஒரு பக்கத்துல பிரிச்சு எழுதணும், ஜோடி ஆள் அதைப் படிச்சுப் பார்த்துச் செஞ்சு பார்க்கணும், எழுதினவர் வாயே திறக்கக்கூடாது. அப்புறம் மாசம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், எல்லாரும் ஒருத்தர் டெமோவை உக்காந்து பார்க்கணும். சிஐடிஎஸ்ஸுக்கு வருஷம் ஒருத்தர், மொதல்ல நான்.

எங்க டிரேடுக்கு கொழிஞ்சாம்பாறையில ஒரு ரீவைண்டிங் கடை, எரிஞ்ச மோட்டாருக்குக் காயில் கட்டற எடம், பேசியிருக்கேன். காயில் கட்டறவர் ரொம்பக் கறார். "வேலையைக் கெடுக்காம இருந்தாச் சரி"ன்னார்.

---

சத்தியவேடு ராஜா | மார்ச் 14, மதியம் 2:10

பாஷையை மறந்துட்டீங்க.

---

மீனாட்சிபுரம் டீச்சர் | மார்ச் 14, மாலை 5:00

ஆமாம். கிண்டியில் இருக்கும் நிமி நிறுவனம் டிரேடு புத்தகங்களைத் தமிழிலும் போடுகிறது, வாங்கி அலமாரியில் வையுங்கள். ஆனால் அதுவும் ஒரு மொழிதான். புத்தகத்தில் 'புவித்தொடுப்பு', கடையில் 'எர்த்து'. புத்தகத்தில் 'மின்மாற்றி', லைன்மேன் வாயில் 'டிரான்ஸ்பாரம்'. பிள்ளைக்கு இரண்டும் ஒன்று என்று யாராவது ஒருமுறை சொல்ல வேண்டும். அந்த ஒரு பக்கத்தில் கடையில் சொல்லும் சொல்லை முதலில் எழுதி, பக்கத்தில் பரீட்சைச் சொல்லை எழுதுங்கள். எங்கள் பிள்ளைகள் பாதிப் பேர் வைவாவில் தோற்பது தெரியாமல் இல்லை, கேள்வியில் இருக்கும் சொல் அவர்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை.

---

வேலந்தாவளம்காரன் | மார்ச் 27, இரவு 10:05

பிரின்சிபல் பார்த்துட்டார். ஆறு பேருக்கு இல்லை, மூணு பேருக்குத்தான் சம்மதம். ஃபிட்டர்ல ஜோடி, எலக்ட்ரீஷியன்ல நான் மட்டும். சனிக்கிழமை டெமோவுக்கு ரெண்டு பேர் முறைச்சாங்க. "என்னைப் பரிசோதிக்கறயா?"ன்னு சீனியர் ஒருத்தர் கேட்டார். அதனால மொத டெமோ என்னோடதுன்னு எழுதிட்டேன். யார் வேணும்னாலும் கிழிக்கலாம்.

சிஐடிஎஸ்: "அடுத்த வருஷம் பார்க்கலாம்."

---

லேத் பட்டறை | மார்ச் 28, காலை 6:05

ஃபிட்டர் வாத்தியாருங்க என்கிட்ட வரட்டும். 8 மணிக்கு ஷட்டர் தூக்குவேன். சேஃப்டி ஷூ அவங்கவங்க வாங்கிட்டு வரணும், செருப்போட வந்தா வாசலோட டாட்டா.

---

வேலந்தாவளம்காரன் | ஜூலை 6, இரவு 9:30

ரொம்ப நாளாச்சு, மன்னிக்கணும். மே மாசம் அந்த ரீவைண்டிங் கடைக்கு 12 நாள் போனேன். 19 நாள் போக முடியலை, நடுவுல ஒரு கல்யாணம், ஒரு காய்ச்சல்.

மொத நாளே மூக்கு அறுந்துது. நான் மூணு வருஷமா 24 ஸ்லாட் ஸ்டேட்டர் (மோட்டார்ல சுத்தாத பாகம்) ஒண்ணுல எனாமல் கம்பி சுத்திக் காட்டிட்டு இருந்தேன். கடைக்கு வந்ததுல முக்கால்வாசி போர்வெல் மோட்டார். தண்ணி உள்ளயே நிக்கற ரகம், கம்பியே வேற, மேல பிளாஸ்டிக் உறை போட்டது. அதைச் சுத்தறதில்லை, ஸ்லாட்டுக்குள்ள நூல் கோக்கற மாதிரி இழுத்து இழுத்துக் கோக்கணும். உறையில ஒரு கீறல் விழுந்தாலும் தண்ணிக்குள்ள போனதும் எர்த் ஆயிடும். நாலு வருஷம் பம்பு கம்பெனி டெஸ்டிங்ல இருந்த நான் மோட்டாரை வெளியில இருந்து மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கற மீட்டர்) வெச்சுப் பார்த்திருக்கேன், கோத்ததில்லை. ரெண்டாவது நாள் என் கோர்வையைக் கடைக்காரர் உருவிப் போட்டுட்டார். பசங்க முன்னாடி.

ஆனா பெருசாக் கத்துக்கிட்டது கோக்கறது இல்லை. எரிஞ்ச மோட்டார் வந்ததும் அவர் உடனே பிரிக்க மாட்டார். டார்ச் அடிச்சு ரெண்டு நிமிஷம் பார்ப்பார். எல்லாக் காயிலும் ஒரே மாதிரி கருகியிருந்தா ஓவர்லோடு. ரெண்டு பேஸ் கருகி ஒண்ணு புதுசு மாதிரி நின்னா ஸ்டார் கனெக்ஷன்ல ஓடிட்டு இருந்து ஒரு பேஸ் லைன் போயிருக்கு. டெல்டா கனெக்ஷனா இருந்தா ஒரே பேஸ் மட்டும் கருகும். அப்புறம் தோட்டக்காரர்கிட்ட, "உங்க ஸ்டார்ட்டர்ல ஒரு பேஸ் போனா மோட்டாரை நிறுத்தற பிரிவென்டர் இருக்கா, இல்ல கழட்டி விட்டுட்டீங்களா?"ன்னு கேப்பார். பெரும்பாலும் கழட்டி விட்டிருப்பாங்க. "காயில் கட்டறது எவனும் கட்டுவான். ஏன் எரிஞ்சுதுன்னு சொல்லலைன்னா மறு மாசம் அதே மோட்டார் வரும், ஆள் வேற கடைக்குப் போயிருவான்"ங்கறார்.

இந்த ஒரு பேஸ் போறதை, சிங்கிள் பேஸிங்கை, நான் போர்டுல வட்டம் போட்டு நடத்தியிருக்கேன். பார்த்ததில்லை.

என் ஒரு பக்கத்தை அதுக்குத்தான் எழுதினேன்: எரிஞ்ச மோட்டாரைப் பிரிக்கும் முன்னாடி என்னென்ன பார்க்கணும். நேம் பிளேட்டு, ஸ்லாட் எண்ணிக்கை, கருகின விதம், எந்த ஸ்லாட்டுல இருந்து எந்த ஸ்லாட்டுக்கு, எத்தனை சுத்து, கம்பி கேஜ், கனெக்ஷன். ஏழு வரி. ஃபிட்டர் ஜோடியில இருந்த ஐடிஐக்கார அண்ணன் படிச்சுட்டு, "கேஜ் பார்க்கும்போது மேல் உறையைச் சுரண்டிட்டுத்தானே அளக்கணும், அதை எழுதலையே?"ன்னார். அவர் எலக்ட்ரீஷியனே இல்லை! எட்டு வரி ஆச்சு.

ஜூன் மாசம் மொத சனிக்கிழமை டெமோ. கடைக்காரர் இனாமாக் குடுத்த மூணு எரிஞ்ச ஸ்டேட்டரை மேஜை மேல வெச்சேன். சீனியர் சார் கடைசி வரைக்கும் ஒண்ணும் பேசலை. முடிஞ்சதும் எழுந்து வந்து ஒண்ணை மோந்து பார்த்து, "இது ஓவர்லோடு இல்லப்பா, இதுல பேரிங் போயி ரோட்டர் உரசியிருக்கு, உள்பக்கம் கோடு பாரு"ன்னார். பார்த்தா கோடு இருக்கு. நான் தப்பாச் சொல்லியிருக்கேன், 20 பசங்களும் பார்த்தாங்க. அவரு அடுத்த சனிக்கிழமை டெமோ தானே எடுக்கறேன்னுட்டார்.

இப்பப் பிரச்சினை, ரூம்ல கருகல் நாத்தம். ஆபீஸ்ல புகார் போயிருக்கு.

---

பழைய பிட்டர் | ஜூலை 6, இரவு 9:58

டெட்டாலில் கழுவிவிடாதீர்கள். அந்த வாசனையையும் பையன்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

எழுதிய அந்த ஒரு பக்கத்தைப் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள். 'கருகின விதம்' என்பதை மூன்றாவதாக வைத்திருக்கிறீர்கள். நானாக இருந்தால் முதல் வரி.

---

மீனாட்சிபுரம் டீச்சர் | ஜூலை 7, காலை 7:20

உங்கள் பெண் மாணவிகள் எத்தனை பேர் அந்தக் கடைக்குப் போனார்கள்?

---

வேலந்தாவளம்காரன் | ஜூலை 7, காலை 7:44

ரெண்டு பேர் இருக்காங்க. ஒருத்தி வந்தா, இன்னொருத்தியை வீட்டுல விடலை. வந்த பொண்ணோட கோர்வையைக் கடைக்காரர் உருவலை. கோக்கறதுல என்னை விட அவ பரவாயில்லைன்னார்.

பிட்டர் சார், முதல் வரியா மாத்திட்டேன். சாயங்காலம் போட்டோ போடறேன்.

---

லேத் பட்டறை | ஜூலை 7, காலை 8:30

ஃபிட்டர் வாத்தியாருங்க ரெண்டு பேரும் என்கிட்ட 15 நாள் நின்னாங்க. மொத மூணு நாள் தொந்தரவு, அப்புறம் ரெண்டு ஜாபை முழுசா அவங்களே முடிச்சுக் குடுத்தாங்க. சக் சாவிக்கு ஸ்பிரிங்கு வெச்சுக் குடுத்திருக்காங்க, கையை எடுத்தா தானா வெளிய தள்ளிக்கும். நூறு ரூபா செலவில்ல. இத்தன வருசம் எனக்கே தோணலை.

டீச்சர், டாய்லெட் சுவரு எழும்பிருச்சு. கதவு அவங்க பசங்கதான் ஃபேப்ரிகேஷன் பண்றாங்க. கொண்டி உள்பக்கம் வெக்கறதுக்குப் பதிலா வெளிப்பக்கம் வெச்சுட்டானுக, கழட்டி மாத்திட்டு இருக்கோம்.